ஒரே மொனிட்டரில் பல கொம்பியூட்டர்கள்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு கொமியூனிகேஷன் கடை மேசையில் பில் போட ஒரு பழைய டெஸ்க்டொப், ஃபோட்டோ வேலைக்கு ஒரு புதிய மெஷின், மேல்தட்டில் கமராப் படத்தைப் பதியும் டிவிஆர் என்று மூன்று பெட்டி இருக்கும், மொனிட்டர் ஒன்றுதான். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் அறை எடுத்துப் படிக்கிற பிள்ளைகள் லெப்டொப்பையும் பழைய டெஸ்க்டொப்பையும் ஒரே மொனிட்டரில் ஓட்டுகிறார்கள். இது சரியாக வேலை செய்யும். வேலை செய்யாதபோது காரணம் பெரும்பாலும் சின்னதுதான்.

மொனிட்டரின் பின்பக்கம் விஜிஏ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் என்று மூன்று ஓட்டை இருந்தால் மூன்று கொம்பியூட்டரையும் நேரடியாகக் குத்தலாம். வேறொன்றும் வாங்கத் தேவையில்லை. மொனிட்டர் ஒரு நேரத்தில் ஒரு ஓட்டையை, அதாவது ஒரு போர்ட்டைத்தான் பார்க்கும். எதைப் பார்க்க வேண்டும் என்பதை சோர்ஸ் பட்டனில் நாம் சொல்கிறோம். மற்ற போர்ட்டுகளில் கேபிள் தொங்கிக்கொண்டிருப்பதால் ஒரு கெடுதியும் இல்லை. ஒரு வகைப் போர்ட்டை இன்னொரு வகையாக மாற்றும் கன்வேர்ட்டரும், பல கொம்பியூட்டரை ஒரே போர்ட்டில் மாற்றி மாற்றிக் காட்டும் சுவிட்சும் போர்ட் போதாதபோது மட்டும் வாங்க வேண்டிய சாமான். கேட்டு வருகிற கோளாறுகளில் நிறையவே தேவையில்லாமல் வாங்கிய கன்வேர்ட்டரால் வருகிறவை.

பங்கீடு இப்படி இருக்கட்டும்: எழுத்து அதிகம் வாசிக்கிற, படம் திருத்துகிற மெஷினுக்கு டிஸ்ப்ளே போர்ட் அல்லது எச்டிஎம்ஐ. பழைய டெஸ்க்டொப்புக்கோ டிவிஆருக்கோ விஜிஏ. டிவிஆரில் பெரும்பாலும் விஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டும் இருக்கும். கமராப் படத்துக்கு விஜிஏ தாராளமாகப் போதும். அந்த எச்டிஎம்ஐ போர்ட்டை அதில் வீணாக்க வேண்டாம்.

கொம்பியூட்டர் ஓடுகிறது, மொனிட்டரில் “நோ சிக்னல்”

முதலில் மொனிட்டரின் மெனுவைத் திறந்து சோர்ஸ் அல்லது இன்புட் என்ற இடத்தில் போர்ட்டைக் கையால் தெரிவு செய்யுங்கள். “ஓட்டோ” என்று விட்டிருந்தால், மூன்று கொம்பியூட்டர் குத்திய மொனிட்டர் முதலில் சிக்னல் கிடைத்த போர்ட்டிலேயே நின்றுவிடும். டிவிஆர் இரவு பகலாக ஓடுகிற பெட்டி. ஆகவே ஓட்டோவில் விட்ட மொனிட்டர் திரும்பத் திரும்ப டிவிஆருக்கே போகும். பல கொம்பியூட்டர் வைத்திருப்பவர்கள் ஓட்டோவை நிறுத்திவிடுவதே நல்லது.

அடுத்து டெஸ்க்டொப்பின் பின்பக்கம். தனியாகக் கிராஃபிக்ஸ் கார்ட் போட்ட மெஷினில் போர்ட்டுகள் இரண்டு இடத்தில் இருக்கும்: யூஎஸ்பி, ஓடியோ ஓட்டைகளோடு சேர்ந்து நிலைக்குத்தாக நிற்பவை மதர்போர்டுடையவை, அதற்குக் கீழே தனியாகக் கிடையாகக் கிடப்பவை கார்டுடையவை. கார்ட் இருந்தால் கேபிள் கார்டில்தான் குத்த வேண்டும். கார்ட் போட்டதும் பல மெஷின்களில் மதர்போர்ட் போர்ட் தானாக நிறுத்தப்பட்டுவிடும். தூசி தட்டிவிட்டுத் திரும்பக் குத்தும்போது இடம் மாறுவது வழமை.

லெப்டொப் என்றால் விண்டோஸ் கீயோடு P எழுத்தை அழுத்தி “டூப்ளிகேட்” அல்லது “எக்ஸ்டென்ட்” தெரிவு செய்யுங்கள். “பிசி ஸ்கிரீன் ஒன்லி” என்பதில் நின்றால் வெளியே ஒன்றும் போகாது. அதுவும் சரியென்றால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு B அழுத்துங்கள். திரை ஒருமுறை அணைந்து வரும், ஒரு சின்னச் சத்தம் கேட்கும். படம் காட்டும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்பது அதன் அர்த்தம். திறந்திருந்த வேலை எதுவும் மூடாது.

இன்னும் வரவில்லையா? மொனிட்டரின் கரண்ட் பிளக்கையே கழற்றி அரை நிமிடம் விட்டுத் திரும்பப் போடுங்கள். முன்பக்கப் பட்டனை அணைப்பது போதாது. உள்ளே இருக்கும் போர்ட் சர்க்கியூட் அப்போதும் விழித்திருக்கும்.

இதற்குப் பிறகு மாற்றிப் பார்க்கும் சோதனை. ஒழுங்காகப் படம் தருகிற கொம்பியூட்டரின் கேபிளை, மொனிட்டர் பக்க முனையைத் தொடாமல், கொம்பியூட்டர் பக்க முனையை மட்டும் கழற்றி, படம் வராத கொம்பியூட்டரில் குத்துங்கள். படம் வந்தால் பழைய கேபிளோ அந்த மொனிட்டர் போர்ட்டோ பிழை. வராவிட்டால் கொம்பியூட்டர் பிழை. கேபிளா போர்ட்டா என்று பிரித்துப் பார்க்க, அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அப்போதும் கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றினால் படம் வந்தாலும் இரண்டில் எது பிழை என்று கடைசிவரை தெரியாது.

கன்வேர்ட்டர் போட்ட பிறகும் ஒன்றும் வரவில்லை

அதிகக் காசு வீணாவது இங்கேதான். கன்வேர்ட்டருக்குத் திசை உண்டு. “எச்டிஎம்ஐ – விஜிஏ” என்று மட்டும் சொல்லிக் கடையில் கேட்டால் எதையும் தந்துவிடுவார்கள். கொம்பியூட்டரில் என்ன போர்ட், மொனிட்டரில் என்ன போர்ட் என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

கையில் எடுத்துப் பார்த்தாலே திசை தெரியும். கொம்பியூட்டரில் எச்டிஎம்ஐ, மொனிட்டரில் விஜிஏ என்பதற்கான கன்வேர்ட்டரில் ஆண் எச்டிஎம்ஐ தலையும் பெண் விஜிஏ முகமும் இருக்கும். மொனிட்டரோடு வந்த விஜிஏ கேபிள் அந்த முகத்தில் திருகும். மறுதிசைக்கானதில் ஆண் விஜிஏ தலை, பெண் எச்டிஎம்ஐ ஓட்டை, கூடவே கரண்டுக்கு ஒரு யூஎஸ்பி வாலும், சத்தத்துக்கு 3.5 மில்லிமீற்றர் ஊசியும் தொங்கும். விஜிஏயில் சத்தம் போகாது என்பதால்தான் அந்த ஊசி. யூஎஸ்பி வாலைக் குத்தாமல் விட்டால் படம் வராது. பழைய டெஸ்க்டொப்பின் முன்பக்க யூஎஸ்பியில் கரண்ட் ஒழுங்காக வராத மெஷின்களும் உண்டு. பின்பக்கத்தில் குத்திப் பாருங்கள்.

விஜிஏ அனலொக், எச்டிஎம்ஐ டிஜிட்டல். ஒன்றை மற்றதாக்க உள்ளே ஒரு சிப் வேலை செய்ய வேண்டும். சிப் இல்லாத, வெறும் கம்பியால் இரண்டு தலையையும் இணைத்த மலிவுக் கேபிள்கள் சந்தையில் இருக்கின்றன. அவற்றில் ஒருநாளும் படம் வராது. வாங்குமுன் கடையிலேயே குத்திக் காட்டச் சொல்லுங்கள்.

டிஸ்ப்ளே போர்ட்டில் இந்தத் திசை விஷயம் இன்னும் கறார். கொம்பியூட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து மொனிட்டரின் எச்டிஎம்ஐக்குச் சாதாரண விலைக் கேபிளே போதும். பெரும்பாலான கொம்பியூட்டர்களின் டிஸ்ப்ளே போர்ட், கேபிளைக் கண்டுபிடித்துத் தானே எச்டிஎம்ஐ சிக்னலைக் கொடுக்கும். அதே கேபிளைத் திருப்பி, கொம்பியூட்டரின் எச்டிஎம்ஐயிலிருந்து மொனிட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டுக்குக் குத்தினால் எதுவும் நடக்காது. இரண்டு பக்கமும் தலை அளவாகப் பொருந்தும் என்பதால் கேபிள் பழுது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அந்தத் திசைக்கு யூஎஸ்பி கரண்ட் எடுக்கும் தனிக் கன்வேர்ட்டர் வேண்டும். அதற்குச் செலவழிப்பதை விட, மொனிட்டரின் எச்டிஎம்ஐயை அந்தக் கொம்பியூட்டருக்குக் கொடுத்து, டிஸ்ப்ளே போர்ட் உள்ள மெஷினை மொனிட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாற்றுவது எவ்வளவோ மேல்.

டிவிஐ என்ற இன்னொரு வகைப் போர்ட் உள்ளவர்கள் அந்த ஓட்டையை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையான நீள வெட்டு இருக்கும். அதைச் சுற்றி மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு சின்னத் துளை இருந்தால் அது டிவிஐ-ஐ. அதில் விஜிஏ சிக்னலும் வருகிறது, சின்ன அடப்டரே போதும். அந்த நான்கும் இல்லாமல் வெட்டு மட்டும் இருந்தால் டிவிஐ-டி, முழுக்க டிஜிட்டல். விஜிஏ மொனிட்டருக்குச் சிப் உள்ள கன்வேர்ட்டர் வேண்டும். டிவிஐ-டியும் எச்டிஎம்ஐயும் ஒரே வகைப் படச் சிக்னல் என்பதால் அவற்றுக்கிடையே சாதாரணக் கேபிள் இரண்டு திசைக்கும் வேலை செய்யும். சத்தம் போகும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

லெப்டொப்பின் யூஎஸ்பி-சி ஓட்டையிலிருந்து படம் வரவில்லை என்றால், அந்த ஓட்டை படம் அனுப்பக்கூடியதா என்று பாருங்கள். பக்கத்தில் டிஸ்ப்ளே போர்ட்டின் குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் நம்பலாம். குறி இல்லாவிட்டால் லெப்டொப்பின் மொடல் இலக்கத்தைப் போட்டுத் தயாரிப்பாளரின் விபரத்தில் தேடுங்கள். சார்ஜ் மட்டும், டேட்டா மட்டும் போகிற ஓட்டைகள் நிறைய இருக்கின்றன. ஃபோனோடு வந்த யூஎஸ்பி-சி கேபிளும் பெரும்பாலும் படம் கொண்டுபோகாது.

படம் வருகிறது, ஆனால் எழுத்துகள் பெரிதாக, அகன்று நிற்கின்றன. 1024×768க்கு மேல் தெரிவு இல்லை

ஒவ்வொரு மொனிட்டரும் தன் அளவுகளைச் சொல்லும் ஒரு சின்னத் தரவை வைத்திருக்கிறது. அதன் பெயர் ஈடிஐடி. கேபிளைக் குத்தியதும் கொம்பியூட்டர் அதை வாசித்துத்தான் 1920×1080 போன்ற அளவைத் தருகிறது. வாசிக்க முடியாவிட்டால் பாதுகாப்பான சின்ன அளவுக்கு இறங்கிவிடும்.

விஜிஏயில் இந்தத் தரவு 12ஆம், 15ஆம் பின்களில் போகிறது. சில மலிவுக் கேபிள்களில் இந்தக் கம்பிகளே இருக்காது. சிலவற்றில் பின் உடைந்திருக்கும். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். தலையை எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று: நடு வரிசையில் 9ஆம் பின் இல்லாத கேபிள்கள் சாதாரணம். அதைக் கண்டு உடைந்துவிட்டது என்று எறிய வேண்டாம்.

கேபிள் நல்லது என்றால் விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் டிஸ்ப்ளே அடப்டர் என்பதை விரித்துப் பாருங்கள். “மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடப்டர்” என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரே இல்லை. விண்டோஸ் புதிதாகப் போட்ட பழைய மெஷின்களில் இது அடிக்கடி. இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று உங்கள் சிப்புக்கு உரிய டிரைவரைப் போட்டால் சரியாகும்.

இன்னொரு நிலை: கொம்பியூட்டரைப் போடும்போது மொனிட்டர் வேறு போர்ட்டில் இருந்தது, பிறகு சோர்ஸ் மாற்றினால் படம் சின்னதாக வருகிறது. பார்க்காத போர்ட்டில் ஈடிஐடி கொடுக்காத மொனிட்டர்களும் உண்டு. அப்படியானால் முதலில் சோர்ஸை மாற்றிவிட்டு அதன் பிறகு கொம்பியூட்டரைப் போடுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கேபிளைக் கழற்றிக் குத்தினாலே பெரும்பாலும் போதும்.

“அவுட் ஒஃப் ரேஞ்ச்” அல்லது “இன்புட் நொட் சப்போர்ட்டட்”

கொம்பியூட்டர் அனுப்பும் அளவு மொனிட்டரின் எல்லைக்கு வெளியே. பெரிய மொனிட்டரில் இருந்த மெஷினைச் சின்னதற்குக் கொண்டுவந்தால், அல்லது டிவிஆரின் வெளியீட்டை 4கே என்று வைத்திருந்தால் இது வரும். டிவிஆருக்கு வழி எளிது: வீட்டு டீவியில் குத்தி, மெனுவில் வெளியீட்டை 1920×1080 ஆக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள். விண்டோஸ் 10, 11 மெஷினுக்கும் டீவி உதவும். டீவி இல்லாவிட்டால், உள்ளே நுழையும் திரையாவது தெரிந்தால், அதில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட், பிறகு டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட்; வரும் பட்டியலில் 3ஐ அழுத்தினால் குறைந்த அளவில் திரை வரும். மொனிட்டரின் திரைக்கே உரிய சொந்த அளவையும் 60 ஹேர்ட்ஸ் புதுப்பிப்பு வேகத்தையும் அங்கே வைத்துவிடுங்கள்.

விஜிஏயில் நிறம் மாறி, அல்லது எழுத்து மங்கி

முழுப்படமும் மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை. ஊதா கலந்த சிவப்பாகத் தெரிந்தால் பச்சை வரவில்லை. நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு வரவில்லை. விஜிஏ தலையில் 1, 2, 3ஆம் பின்கள் முறையே சிவப்பு, பச்சை, நீலம். தலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வளைந்த பின் கண்ணுக்கே தெரியும். மெல்லிய இடுக்கியால் ஒரே தடவையில், மெதுவாக நிமிர்த்துங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடியும். குத்திய பிறகு இரண்டு திருகையும் விரலால் இறுக்கிவிடுங்கள். திருகாமல் விட்ட விஜிஏ தலை தன் பாரத்தாலேயே சரிந்து ஒரு நிறத்தை இழக்கும்.

எழுத்து மங்கலாகவோ படம் ஒரு பக்கம் தள்ளியோ இருந்தால், மொனிட்டரின் சொந்த அளவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு எழுத்து நிறைந்த வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்து வைத்து மொனிட்டரில் “ஓட்டோ அட்ஜஸ்ட்” அழுத்துங்கள். கறுப்புத் திரையில் அழுத்தினால் படத்தின் விளிம்பு எங்கே என்று மொனிட்டருக்குத் தெரியாது, பிழையாகச் சரிசெய்யும். சோர்ஸ் மாற்றும் ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் ஒருமுறை தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

எச்டிஎம்ஐயில் ஓரம் வெட்டுப்படுகிறது, அல்லது கறுப்பு சாம்பலாகிறது

இரண்டுக்கும் மூலம் ஒன்று: கொம்பியூட்டர் உங்கள் மொனிட்டரை டீவி என்று நினைக்கிறது. ஓரம் வெட்டுப்பட்டால் மொனிட்டர் மெனுவில் “ஜஸ்ட் ஸ்கான்”, “1:1” போன்ற பெயரில் இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். சுற்றிவரக் கறுப்புப் பட்டி வந்தால் ஏஎம்டி மென்பொருளில் ஸ்கேலிங்கை பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கறுப்பு வெளிறியிருந்தால் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் நிற வீச்சு “லிமிட்டட்” என்று இருக்கும்; “ஃபுல்” ஆக்குங்கள். லிமிட்டட் 16 முதல் 235 வரை மட்டும் அனுப்பும். 0 முதல் 255 வரை எதிர்பார்க்கும் மொனிட்டரில் 16 சாம்பலாகத்தானே தெரியும்.

எச்டிஎம்ஐ சுவிட்ச் போட்டும் ஒரு கொம்பியூட்டர்தான் வருகிறது

நீங்கள் வாங்கியது சுவிட்சா ஸ்ப்ளிட்டரா? ஸ்ப்ளிட்டர் ஒரு கொம்பியூட்டரின் படத்தைப் பல திரைக்குக் கொடுப்பது. பல கொம்பியூட்டர், ஒரு மொனிட்டர் என்றால் வேண்டியது சுவிட்ச். பெட்டி இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும். “இன்” என்று எழுதிய ஓட்டை பலவும் “அவுட்” ஒன்றும் இருக்க வேண்டும்.

சுவிட்ச்தான் என்றால் அது தானாக மாறும் வகையா என்று பாருங்கள். அந்த வகை, புதிதாகக் கரண்ட் வந்த போர்ட்டுக்குத் தாவும். எச்டிஎம்ஐயின் 18ஆம் பின்னில் கொம்பியூட்டர் 5 வோல்ட் கொடுக்கிறது. அதைப் பார்த்துத்தான் தாவுகிறது. ஷட்டவுன் செய்த பிறகும் அந்த 5 வோல்ட்டை நிறுத்தாத மெஷின்கள் உண்டு. அப்போது சுவிட்ச் செத்த கொம்பியூட்டரிலேயே ஒட்டிக்கொள்ளும். பட்டனால் மாற்றும் சுவிட்ச், அதிலும் தனிக் கரண்ட் அடப்டர் உள்ளதுதான் கடைக்கும் வீட்டுக்கும் நம்பகமானது. கீபோர்டையும் மவுஸையும் சேர்த்து மாற்ற வேண்டுமென்றால் கேவிஎம் என்ற வகைச் சுவிட்ச் வாங்க வேண்டும்.

வேறு கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் திறந்திருந்தவை இடம் மாறிக் கிடக்கின்றன

டிஸ்ப்ளே போர்ட்டில் இது அதிகம். சோர்ஸ் மாற்றியதும் மொனிட்டர் கழன்றுவிட்டதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 11இல் சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்ற இடத்தில் ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் தெரிவைப் போட்டு, மொனிட்டர் கழன்றால் சுருக்கும் தெரிவை எடுத்துவிடுங்கள். மொனிட்டர் மெனுவில் டிஸ்ப்ளே போர்ட்டின் “டீப் ஸ்லீப்” இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

ஓரிரு செக்கன் கறுத்துத் திரும்ப வருகிறது

புதுப்பிப்பு வேகத்தை 60இலிருந்து 30 ஹேர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள். நின்றால் கேபிள்தான் பலவீனம். 4கே படத்துக்கு 5 மீற்றருக்கு மேல் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை நம்ப வேண்டாம். டிஸ்ப்ளே போர்ட்டுக்கு 2 மீற்றருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. மின்விசிறியையோ தண்ணீர் மோட்டரையோ போடும் நேரத்தில் மட்டும் கறுத்தால் கேபிளைக் கரண்ட் வயரிலிருந்து விலக்கி ஓட்டுங்கள்.

சத்தம் போய்விட்டது

எச்டிஎம்ஐ குத்தியதும் விண்டோஸ் சத்தத்தை மொனிட்டருக்கு அனுப்பிவிடும். பல மொனிட்டர்களில் ஸ்பீக்கர் இல்லை. கீழே ஸ்பீக்கர் குறியை அழுத்திப் பழைய ஸ்பீக்கரைத் தெரிவு செய்யுங்கள்.

கேபிளைக் குத்தும்போது விரலில் சுரீர் என்கிறது; விஜிஏயில் பட்டைகள் மேலே நகர்கின்றன; போர்ட் செத்துப் போகிறது

இதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். எர்த் இல்லாத பிளக்கில் ஓடும் கொம்பியூட்டரின் இரும்பு உடலில், பவர் சப்ளையின் உள்ளமைப்பினாலேயே நம் 230 வோல்ட்டில் பாதியளவு நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளுக்குச் சுரீர் என்பதோடு போகிறது. ஆனால் அதே வோல்ட் எச்டிஎம்ஐ தலை ஓட்டையைத் தொடும் நொடியில் போர்ட்டின் சிப்புக்குள் பாயலாம். உருண்டைப் பின் சொக்கெட்டுக்காக எர்த் இல்லாத அடப்டர் போடுவதும், மேல் ஓட்டையில் எதையாவது நுழைத்து இரண்டு பின்னை மட்டும் குத்துவதும்தான் பெரும்பாலும் காரணம்.

மொனிட்டர், எல்லாக் கொம்பியூட்டர், டிவிஆர் அனைத்தையும் எர்த் உள்ள ஒரே மல்டி பிளக்கில் குத்துங்கள். வெவ்வேறு அறைச் சொக்கெட்டில் இருந்து கரண்ட் எடுத்தால் எர்த் இருந்தாலும் இரண்டுக்கும் இடையே சின்ன வேறுபாடு இருக்கும். விஜிஏயில் மெதுவாக நகரும் பட்டை அதுதான். அப்படியும் சுரீர் என்றால் வயரிங்காரரைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். அதுவரை படக் கேபிளை எல்லாப் பிளக்கும் கழற்றிய நிலையில் மட்டும் குத்துங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றுவது எல்லோருக்கும் தெரியும். டிவிஆரை மறந்துவிடுவார்கள். வெளிச்சுவரிலும் கம்பத்திலும் நிற்கும் கமராக் கேபிள் வழியாக மின்னலின் அதிர்ச்சி டிவிஆருக்குள் வந்து, அங்கிருந்து படக் கேபிளால் மொனிட்டருக்கும், மொனிட்டரிலிருந்து மற்றக் கொம்பியூட்டர்களுக்கும் போகலாம். ஒரே மொனிட்டரில் எல்லாவற்றையும் இணைத்திருப்பதன் விலை இது. இடி வரும்போது டிவிஆரிலிருந்து மொனிட்டருக்கு வரும் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

கல்லடி, நிந்தவூர், பொத்துவில் போலக் கடலை ஒட்டிய இடங்களில் பாவிக்காத போர்ட்டின் உட்பக்கம் உப்புக்காற்றால் பச்சை படிந்து கறளாகும். மாதக்கணக்கில் சும்மா இருந்த போர்ட்டில் குத்தி “நோ சிக்னல்” என்றால் கரண்டை முழுக்கக் கழற்றிவிட்டு, கொன்டக்ட் கிளீனரை கேபிள் தலையில் சிறிதளவு அடித்துப் பத்துத் தரம் குத்திக் கழற்றி, நன்கு காயவிட்டுப் பாருங்கள். தண்ணீர், எண்ணெய் எதுவும் வேண்டாம். பாவிக்காத ஓட்டைகளுக்கு ரப்பர் மூடி போட்டு வையுங்கள்.

துப்புரவு செய்தும் அந்த ஒரு போர்ட் வரவில்லை, மற்றப் போர்ட்டுகளில் படம் நன்றாக வருகிறது என்றால் மொனிட்டரை எறிய வேண்டாம். செத்தது அந்த ஓட்டைக்குரிய சர்க்கியூட் மட்டும். பழைய டெஸ்க்டொப்பை விஜிஏயில் விட்டுவிட்டு, எச்டிஎம்ஐ மெஷின்களை மிஞ்சியிருக்கும் நல்ல போர்ட்டில் ஒரு பட்டன் சுவிட்ச் வழியாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சியது டிஸ்ப்ளே போர்ட் மட்டும் என்றால் சுவிட்சுக்கும் மொனிட்டருக்கும் இடையே, மேலே சொன்ன யூஎஸ்பி கரண்ட் எடுக்கும் கன்வேர்ட்டர் ஒன்று தேவைப்படும்.